மொய் நோட்டும் பேரேடும்

ஒரு கல்யாணத்தில் ரொம்ப முக்கியமான ஆள் யார்?

மாப்பிள்ளை என்று சொன்னால் நீங்கள் இன்னும் பிரம்மச்சாரி. சமையல்காரர் என்று சொன்னால் நீங்கள் பசியோடு இருக்கிறீர்கள். விஷயம் தெரிந்தவர்கள், மண்டப வாசலில் மேஜை போட்டு, மஞ்சள் பையும் நோட்டுமாக உட்கார்ந்திருப்பவரைக் கை காட்டுவார்கள். மொய் எழுதுகிறவர்!

எங்கள் தியாகதுருகம், கள்ளக்குறிச்சிப் பக்கம் மாப்பிள்ளை பார்ப்பதைவிட மொய் எழுத ஆள் பார்ப்பது கஷ்டம். கையெழுத்து புரியணும், நாதஸ்வரச் சத்தத்திலும் காது கேட்கணும், எல்லாத்துக்கும் மேலே கை சுத்தமா இருக்கணும். அவர் எழுதுகிற அழகைக் கொஞ்சம் பாருங்கள்.

'ரிஷிவந்தியம், பெரிய மாமா, ரூ.501.' அடுத்த வரி: 'சின்னசேலம், ஆபீஸ் நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து, மிக்ஸி 1.' அதற்கடுத்து: 'தாய்மாமன், அரைப்பவுன் மோதிரம், வேட்டி சட்டை, வாழைத்தார் 2.' அதற்குக் கீழே: 'வெள்ளிமலை அத்தை, தேன் ஒரு பாட்டில், ரூ.51.'

ஒரு வரி மாதிரி இன்னொரு வரி இல்லை. கட்டம் போட்ட ஃபாரம் அச்சடித்துக் கொடுத்தால் என்ன ஆகும்? 'வாழைத்தார்' என்று ஒரு காலம் போட வேண்டும். 400 பேர் மொய் வைத்தால், 399 பேருக்கு அந்தக் கட்டம் காலி. கட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, வருவதை வந்தபடி எழுது என்பதுதான் மொய் நோட்டின் தத்துவம்.

இந்தத் தத்துவத்துக்குக் கம்ப்யூட்டர்காரர்கள் வைத்திருக்கிற பெயர் நான்-ரிலேஷனல் டேட்டாபேஸ். அதாவது, உறவு சாராத தகவல் தளம். பக்கம் பூரா மாமன், மச்சான், அத்தை, சித்தப்பா... இது உறவு சாராததாம்!

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த 'ரிலேஷன்' வேறு. ஐ.பி.எம். கம்பெனியின் சான் ஓசே ஆராய்ச்சிக்கூடத்தில் எட்கர் காட் என்று ஓர் ஆங்கிலேயர் இருந்தார். கணக்குப் புலி. 1970-ல் ஒரு கட்டுரை எழுதினார். தகவலையெல்லாம் வரிசையும் கட்டமுமாக, அட்டவணை அட்டவணையாகப் போட்டு வையுங்கள். எப்படித் தேடுவது என்பதை மெஷின் பார்த்துக்கொள்ளும் என்றார். கணித பாஷையில் அந்த அட்டவணைக்குப் பெயர் 'ரிலேஷன்'. மச்சானுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நான் பி.காம். படித்தவன். எனக்குக் காட் சொன்னது சட்டென்று பிடித்துவிட்டது. ஏனென்றால் அது பேரேடு. 1494-ல் வெனிஸ் நகரத்தில் லூக்கா பாச்சோலி என்ற துறவி அச்சிட்ட புத்தகத்திலேயே இருக்கிறது இரட்டைப் பதிவு முறை. ஒரு பக்கம் பற்று எழுதினால் மறுபக்கம் வரவு எழுதியே ஆக வேண்டும். பற்று எழுதிவிட்டு வரவு எழுதுவதற்குள் கரண்ட் போய்விட்டால்? நல்ல ரிலேஷனல் டேட்டாபேஸ், எழுதின பாதியையும் தானே அழித்துவிடும். முழுசா எழுது, இல்லாட்டி எழுதவே எழுதாதே. இந்தக் கண்டிப்புக்குப் பெயர் டிரான்ஸாக்‌ஷன். உங்கள் பேங்க் கணக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்குவது இந்தக் கண்டிப்பினால்தான்.

அப்புறம் எதற்கு மொய் நோட்டு?

இதை எனக்கு விளக்கியது பக்கத்துத் தெருத் தம்பி. சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் புரோகிராமர். எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது. சின்னசேலமோ உளுந்தூர்பேட்டையோ போய்த்தான் ஏற வேண்டும். அதனால் வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் பிடித்து, சனிக்கிழமை விடியற்காலை வந்து இறங்குவான். கண்ணு சிவந்திருக்கும், வாய் மட்டும் ஓயாது.

"அண்ணே, ஒரு மொய் சாஃப்ட்வேர் பண்ணப்போறேன். அக்கா கல்யாணத்துல ரெண்டு லேப்டாப் போட்டு, பிரிண்டர் வெச்சு, மொய் வெச்சவங்களுக்குக் கையிலயே ரசீது."

"நல்லதுதான். எதுல எழுதி வைப்பே?"

"மோங்கோடிபிண்ணே! இப்பெல்லாம் நோஎஸ்க்யூஎல்தான். டேபிள்லாம் அப்பா காலத்து சமாசாரம்."

அப்பா காலம் என்றதும் எனக்குச் சுருக்கென்றது. நானும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இந்த 'நோஎஸ்க்யூஎல்' என்கிற பெயரே ஒரு கூத்து. 1998-ல் கார்லோ ஸ்ட்ராஸி என்பவர் தன்னுடைய சின்ன டேட்டாபேஸுக்கு இந்தப் பெயர் வைத்தார். தமாஷ் என்னவென்றால், அது ரிலேஷனல்தான்! 2009-ல் சான் பிரான்சிஸ்கோவில் புதுவகைக்காரர்கள் ஒரு கூட்டம் போட்டபோது பெயர் இவர்கள் பக்கம் வந்து ஒட்டிக்கொண்டது. எஸ்க்யூஎல் வேண்டாம் என்பதா அர்த்தம் என்று பலரும் சண்டைக்கு வர, "அப்படியில்லை, அது மட்டுமில்லை என்று அர்த்தம்" எனப் பிற்பாடு பொழிப்புரை எழுதினார்கள். கட்சி ஆரம்பித்துவிட்டுக் கொள்கை விளக்கம் கொடுக்கிற கதை.

இதில் நாலு ஜாதி முக்கியம். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கனை நீட்டினால் வண்டி வருகிறதே, அது கீ-வேல்யூ. வண்டி என்ன கலர், யாருடையது என்ற விசாரணையெல்லாம் கிடையாது. நம்பர் கொடு, பொருளை எடு. மொய் நோட்டு மாதிரி ஒவ்வொரு வரியும் தன் இஷ்டத்துக்கு இருந்தால் அது டாக்குமென்ட். தம்பியின் மோங்கோடிபி இந்த வகை. கோடிக்கணக்கான வரிகளைக் கூறு போட்டுப் பல மெஷின்களில் அடுக்கி வைப்பது காலம் ஃபேமிலி. பெண்ணுக்கு மாப்பிள்ளை என்ன முறை என்று நாலு தலைமுறை நூல் பிடித்துச் சொல்லும் பாட்டி இருக்கிறாரே, அவர் கிராஃப் டேட்டாபேஸ்.

இவையெல்லாம் எதற்கு வந்தன? கூட்டம் தாங்காமல்தான். முகூர்த்தத்துக்கு 1,000 பேர் வந்தால் ஒரு மொய் மேஜை தாங்காது. இன்னும் வேகமாக எழுதுகிற ஆளைத் தேடலாம். ஆனால் அவருக்கும் கை ரெண்டுதான். அதைவிட சுலபம், பெண் வீட்டுக்கு ஒரு மேஜை, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு மேஜை. ஒரு பெரிய மெஷினுக்குப் பதிலாகப் பல சின்ன மெஷின்கள்.

ஆனால் ஒரு சங்கடம். நடுவில் பெரியவர் ஒருவர் வந்து, "மொத்தம் எவ்வளவுடா சேர்ந்திருக்கு?" என்றால் இரண்டு மேஜையும் பாதி பாதிதான் சொல்லும். ராத்திரி இரண்டு நோட்டையும் சேர்த்து வைத்துக் கூட்டினால்தான் உண்மை தெரியும். இதைப் பெரிய பெரிய மேதைகள் 'கடைசியில் ஒத்துப்போகும்' என்று சொல்கிறார்கள். மாமியார் மருமகள் விஷயத்தில் நாம் சொல்வதில்லையா, அதேதான்.

எரிக் புரூவர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2000-ல் இதை ஒரு விதியாகவே சொன்னார். 2002-ல் இரண்டு பேர் கணக்குப் போட்டு நிரூபித்தார்கள். இரண்டு மேஜைக்கும் நடுவே பேச்சுவார்த்தை அறுந்துவிட்டால் இரண்டே வழி. தொடர்பு வருகிறவரை வரிசையை நிறுத்து. அல்லது, தப்பு வந்தால் வரட்டும் என்று எழுதிக்கொண்டே போ. இரண்டும் வேண்டும் என்றால் நடக்காது.

அமேசான் இரண்டாவது வழியை எடுத்தது. எந்த மெஷின் படுத்தாலும் வாடிக்கையாளர் தன் கூடையில் சாமான் போடுவது நிற்கக் கூடாது என்று 'டைனமோ' என்ற ஏற்பாட்டைச் செய்து, 2007-ல் அதைக் கட்டுரையாகவும் வெளியிட்டார்கள். எழுதிய ஒன்பது பேரில் சுவாமிநாதன் சிவசுப்ரமணியன், அவினாஷ் லக்ஷ்மண் என்று இரண்டு பெயர். பிற்பாடு அவினாஷ் ஃபேஸ்புக்குக்குப் போய், பிரசாந்த் மாலிக்கோடு சேர்ந்து 'கசாண்ட்ரா' செய்தார். 2008-ல் அதை எல்லோரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று வெளியே விட்டார்கள்.

அந்தக் கட்டுரையில் ஒரு விஷயத்தை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். கூடையில் போட்ட சாமான் எக்காரணம் கொண்டும் தொலையாது. ஆனால் வேண்டாமென்று எடுத்துப் போட்ட சாமான் சில சமயம் மறுபடி கூடைக்குள் வந்து உட்கார்ந்துவிடும்!

இங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. தம்பியைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"தம்பி, போட்டது தொலையல. எடுத்ததுதான் திரும்பி வருது. ஏன்?"

"ரெண்டு மெஷின்ல ரெண்டு விதமா இருந்தா, சேர்க்கும்போது ரெண்டையும் ஒண்ணாக் கூட்டிடுவாங்கண்ணே. அதனால போட்டது எதுவும் தப்பாது."

"அப்ப இது மோங்கோவா, டேபிளாங்கிற கேள்வி இல்லப்பா. கூடுற கணக்கா, குறையுற கணக்கா? அதுதான் கேள்வி."

கூடுகிற கணக்கை எத்தனை நோட்டில் வேண்டுமானாலும் எழுதலாம். ராத்திரி சேர்த்துக்கொண்டால் போச்சு. மொய் அப்படித்தான். ஆனால் குறைகிற கணக்கை இரண்டு பேர் தனித்தனியாக எழுதினால் வம்பு. மண்டபத்தில் 200 இலைதான் பாக்கி. இரண்டு வாசலிலும் தனித்தனியே ஆளை உள்ளே விட்டால் என்ன ஆகும்? பந்தியில் கைகலப்பு.

இது வெறும் பேச்சில்லை. ஃப்ளெக்ஸ்காயின் என்று பிட்காயினைப் பாதுகாக்கிற ஒரு கம்பெனி இருந்தது. 2014 மார்ச்சில் யாரோ ஒரு கில்லாடி, தன் கணக்கு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் மாற்றச் சொல்லி ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான கோரிக்கைகளை அனுப்பினான். முதல் கோரிக்கைக்கு இருப்பைக் குறைத்து எழுதுவதற்குள், அடுத்தடுத்தவை பழைய இருப்பையே பார்த்து 'பணம் இருக்கு, எடுத்துக்கோ' என்று வாங்கிக்கொண்டு போய்விட்டன. 896 பிட்காயின் காலி. அன்றைய மதிப்பில் சுமார் 6 லட்சம் டாலர். கம்பெனி கதவை மூடியது. குறைகிற கணக்குக்குப் பூட்டு போடவில்லை, அவ்வளவுதான் தப்பு. பூட்டு போடத் தெரியாவிட்டால் ரிலேஷனல் டேட்டாபேஸை வைத்துக்கொண்டும் இப்படித் திவாலாகலாம்.

சரி, கூடுவதும் குறைவதும் சேர்ந்து வந்தால்? அதற்கு உதாரணம் தேடி அமெரிக்கா போக வேண்டாம். காலை 10 மணிக்கு ஏ.சி., 11 மணிக்கு ஸ்லீப்பர்... ஆமாம், தத்கால்!

2014-க்கு முன்னால் ரயில்வேயின் இன்டர்நெட் டிக்கெட் ஏற்பாடு நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் கொடுத்தது. ரயில்வேக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற 'கிரிஸ்' அமைப்பு 2014 ஏப்ரலில் புது ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. நிமிடத்துக்கு 7,200 என்று இலக்கு. அதில் உள்ளே வைத்தது 'ஜெம்ஃபயர்' என்கிற நான்-ரிலேஷனல் சரக்கு. ஒவ்வொரு தடவையும் டிஸ்கில் போய்த் தேடாமல், தகவலைப் பல சர்வர்களின் மெமரியில் பிரித்து வைத்து, கேட்டதும் எடுத்துக் கொடுக்கிற சங்கதி. கிட்டத்தட்ட நம்ம சைக்கிள் ஸ்டாண்ட் டோக்கன்.

அதற்காக பெர்த்தை அந்த சைக்கிள் ஸ்டாண்டா ஒதுக்குகிறது? இல்லை. முன்பதிவு மையக் கம்ப்யூட்டர் ஏற்பாடு ஒன்று 1985-ல் டெல்லியில் ஆரம்பித்தது. கடைசியாக 'எஸ் 4, 23, லோயர்' என்று சொல்கிற அதிகாரம் அந்தப் பரம்பரைக்குத்தான். முன்வாசலில் எத்தனை கூட்டம் தள்ளினாலும், பெர்த்தை எடுத்துக் கொடுக்கிற கை ஒன்றே ஒன்று. அதனால்தான் உங்கள் பெர்த்தில் இன்னொருவர் அதே நம்பர் டிக்கெட்டோடு படுத்திருப்பதில்லை. 'அவைலபிள் 12' என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுவதற்குள் வெயிட்டிங் லிஸ்ட் ஆவதும் இதனால்தான். பார்த்தது நோட்டு; கொடுப்பது பேரேடு. நடுவில் உங்களைவிட விரல் வேகமான 12 பேர்.

2025 ஜூனில் ரயில்வே ஒரு புள்ளிவிவரம் சொன்னது. அப்போதைய ஏற்பாட்டின் திறன், நிமிடத்துக்கு 32,000 டிக்கெட். ஆனால் விசாரணை மட்டும் நிமிடத்துக்கு 4 லட்சம். புது ஏற்பாட்டில் இதை 1.5 லட்சம் டிக்கெட்டாகவும் 40 லட்சம் விசாரணையாகவும் ஆக்கப்போவதாக அறிவிப்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டிக்கெட்டுக்கு 12 விசாரணைக்கு மேல் என்று இருந்தது, 26-க்கு மேல் போகிறது! சும்மா பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு, ஒரு வினாடி பழைய பதில் சொன்னாலும் உலகம் அழியாது. அவர்களைப் பேரேட்டுக்கார அண்ணாச்சி முன்னால் நிறுத்தினால்தான் நிஜமாக வாங்க வந்தவன் நசுங்கிப்போவான். விசாரணையை ஒரு பக்கம், விற்பனையை ஒரு பக்கம் பிரித்துவிடுவதுதான் மொத்த சூட்சுமமும்.

இவ்வளவையும் கேட்ட தம்பி, "அப்ப மொய் கூடுற கணக்குதானே? மோங்கோவிலேயே பண்ணிடறேன்" என்றான் வெற்றிச் சிரிப்போடு.

"பண்ணு. வேணாங்கல. ஆனா, எழுதியாச்சான்னு கேட்டுட்டு ரசீது கொடு."

காரணம் இருக்கிறது. 2012 கடைசி வரைக்கும் மோங்கோடிபிக்கு ஒரு பழக்கம். தகவலை எழுத அனுப்பினால், 'எழுதிவிட்டேன்' என்ற பதிலுக்குக் காத்திருக்காமலே புரோகிராம் மேலே போய்விடும்; நாமாகக் கேட்டு அமைத்தால்தான் உண்டு. வேகமோ வேகம். ஆனால் பத்தாயிரத்தில் ஒரு வரி விழுந்துபோனால் யாருக்கும் தெரியாது. பலரும் குறை சொல்லி, 2012 நவம்பரிலிருந்து பதில் வாங்கிக்கொண்டு போகிற மாதிரி மாற்றினார்கள். 2018-ல் 4.0 வந்தபோது பல டாக்குமென்டுகளைச் சேர்த்து, முழுசா எழுது இல்லாவிட்டால் எழுதாதே என்கிற டிரான்ஸாக்‌ஷனும் வந்துவிட்டது. அந்தப் பக்கம் பேரேட்டுக்காரர்களும் சும்மா இல்லை. 2014 கடைசியில் வந்த போஸ்ட்கிரெஸ் 9.4, வாழைத்தார் மாதிரி கண்டபடி வருகிற தகவலையும் ஒரே கட்டத்துக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, அதற்குள்ளேயும் வேகமாகத் தேடிக் கொடுக்கக் கற்றுக்கொண்டது. சண்டை போட்ட இரண்டு குடும்பமும் சம்பந்தி ஆகிவிட்டது. நாம்தான் இன்னும் வாசலில் நின்று மீசையை முறுக்கிக்கொண்டிருக்கிறோம்.

"ஒரு வரி போனா என்னண்ணே? ஆயிரத்துல ஒண்ணு..." என்றான் தம்பி.

எந்த வரி போகும் என்று நமக்குத் தெரியுமா? 501 ரூபாய் மாமா வரி போனால் அவரே வந்து சட்டையைப் பிடிப்பார். பிரச்னையில்லை. கல்வராயன் மலையிலிருந்து பஸ் ஏறி வந்து, முந்தானையில் முடிந்து வைத்திருந்த 51 ரூபாயை எடுத்துக் கொடுத்த வெள்ளிமலை அத்தை கேட்க மாட்டாள். நாளைக்கு அவள் வீட்டு விசேஷத்துக்கு நோட்டைப் புரட்டிப் பார்ப்போம். பேர் இருக்காது. 'அவங்க நமக்கு வைக்கலையே' என்று போகாமல் இருந்துவிடுவோம். அத்தைக்குக் காரணம் தெரியாது. நமக்கும் தெரியாது. ஒரு உறவு அறுந்துபோகும். மொய் என்பது அன்பளிப்பு இல்லை சார். வட்டியில்லாத கடன், மானத்தை அடமானமா வைத்த கடன்.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் பேப்பர் எடுத்து வரைய ஆரம்பித்தான். முதல் மேஜைக்கு அ-1, அ-2; இரண்டாவது மேஜைக்கு ஆ-1, ஆ-2 என்று தனித்தனி வரிசை எண். ராத்திரி சேர்க்கும்போது மோதாது. எழுதிய வரியை அழிக்கவே கூடாது. தப்பிருந்தால் கீழே திருத்த வரி. மிக்ஸி, மோதிரம், வாழைத்தார் எல்லாம் டாக்குமென்டில் இஷ்டப்படி. தொகை மட்டும் கண்டிப்பாகத் தனிக் கட்டத்தில், டிஸ்கில் ஏறிய பிறகே ரசீது. வரிசை எண்ணில் இடைவெளி இருந்தால் சிவப்பு விளக்கு. அது, 11 என்ற எண்ணை வைத்துக்கொண்டு 12 வந்த பிறகும் காணாமல் இருக்கிற அத்தையைத் தேடிக் கண்டுபிடிக்க.

இதில் எது ரிலேஷனல், எது நான்-ரிலேஷனல் என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

புரோகிராமராக இல்லாதவர்களும் இதை ஆபீஸில் உபயோகித்துப் பார்க்கலாம். முதலாளி புது சாஃப்ட்வேர் வாங்குகிறார் என்றால் கேளுங்கள்: சார், எது கூடுற கணக்கு, எது குறையுற கணக்கு? எங்கள் ஊர் மார்க்கெட் கமிட்டியில் இன்றைய மக்காச்சோள விலையை போர்டில் அஞ்சு நிமிஷம் தாமதமாக எழுதினால் யாரும் சாக மாட்டார்கள். விவசாயி மூட்டையின் எடைச் சீட்டில் ஒரு எண் மாறினால் அவர் வயிறு எரியும். வருகைப் பதிவேடு கூடுகிற கணக்கு. ரெண்டு மூணு மிஷினில் விரல் வைத்து ராத்திரி சேர்த்துக்கொள்ளலாம். கேஷுவல் லீவ் குறைகிற கணக்கு. அதற்கு ஒரே ஒரு பேரேடு, அதுவும் மேனேஜர் அறையில்.

சம்பளம்? அது ஒண்ணாம் தேதி கூடுகிற கணக்கு, இரண்டாம் தேதியிலிருந்து குறைகிற கணக்கு. பேரேடெல்லாம் வேண்டாம், வீட்டில் ஒருவர் மனப்பாடமாகவே வைத்திருக்கிறார்.